கணினிக் கேள்வி பதில்: பாதியில் நின்ற ஏற்றம்

சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஐந்து, வெளியிலிருந்து வரும் பதிவுகளைத் தொகுதி தொகுதியாகத் தரவுத்தளத்தில் ஏற்றும் வேலையைப் பற்றியவை. ஒன்றின் பதில் மற்றொன்றுக்கும் உதவும் என்பதால் இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*எங்கள் கிளைக் கடைகளிலிருந்து நாள்தோறும் இரவில் ஏறத்தாழ 12 லட்சம் பில் பதிவுகள், கடைக்கு ஒன்றாக, சிஎஸ்வி கோப்புகளில் வருகின்றன. ஒவ்வொரு பதிவிலும் 18 புலங்கள் உள்ளன. பைத்தானில், போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் சைக்கோபிஜி 3 என்ற நிரலகம் கொண்டு எழுதிய நிரல் அவற்றை ஒவ்வொன்றாகப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேர்க்க 2 மணி நேரம் ஆகிறது. ஒரே இன்சர்ட் கட்டளையில் 3,000 பதிவுகளைச் சேர்த்து அனுப்பினால் விரைவாக முடிகிறது. ஆனால் 5,000 என்று மாற்றினால் பிழை காட்டி நின்றுவிடுகிறது. தொகுதியின் அளவு எவ்வளவு இருக்க வேண்டும்?*
— திருப்பூர் வாசகர்

முதலில் பிழைக்கான காரணத்தைப் பார்த்துவிடுவோம். பிழைச் செய்தியை நீங்கள் எழுதவில்லை என்றாலும் எண்களைக் கொண்டே அதைக் கண்டுபிடிக்கலாம். சைக்கோபிஜி 3, கட்டளையை ஒரு பக்கமும் அதில் நிரப்ப வேண்டிய மதிப்புகளை மறுபக்கமுமாகப் பிரித்துச் சர்வருக்கு அனுப்புகிறது. அந்த மதிப்புகளின் எண்ணிக்கையைக் குறிக்க போஸ்ட்கிரெஸின் தகவல் பரிமாற்ற நெறியில் 16 பிட் இடமே இருப்பதால், ஒரு கட்டளையில் 65,535 மதிப்புகளுக்கு மேல் அனுப்ப வழியில்லை. 3,000 பதிவுகளுக்கு 18 வீதம் 54,000 மதிப்புகள். அது எல்லைக்குள் அடங்குகிறது. 5,000 பதிவுகள் என்றால் 90,000 ஆகிவிடுகிறது. உங்கள் அட்டவணைக்கு உச்ச எல்லை 3,640 பதிவுகள். நாளை ஒரு புலத்தைக் கூட்டினால் இந்த எல்லை இன்னும் குறையும் என்பதை நினைவில் வையுங்கள். வேறு தரவுத்தளங்களிலும் இத்தகைய எல்லைகள் உண்டு. எஸ்கியூஎல் சர்வரில் ஒரு கட்டளைக்கு 2,100 மதிப்புகள்தான். மைஎஸ்கியூஎல் எண்ணிக்கையோடு கட்டளையின் மொத்தப் பருமனையும் பார்க்கிறது.

அடுத்து வேகம். ஒவ்வொரு பதிவையும் தனித்தனியே சேர்க்கும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை வலையமைப்பு வழியே போய்வர வேண்டும். ஒவ்வொரு கமிட்டின்போதும், அதாவது எழுதியதை நிலைப்படுத்தும்போதும், மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டுக் கோப்பு வட்டில் உறுதியாக எழுதப்படும்வரை காத்திருக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு பதிவுக்கு 6 மில்லிவினாடி ஆகிறது என்று கொண்டால், 12 லட்சம் பதிவுகளுக்கு 7,200 வினாடி. நீங்கள் சொன்ன 2 மணி நேரம் இதுதான். ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்து அனுப்பினால் காத்திருப்பு 1,200 முறைதான், அதாவது 7 வினாடிக்குச் சற்று மேல். அதற்குப் பின் மிஞ்சுவது தரவுத்தளம் பதிவுகளை உண்மையில் எழுதும் நேரமே. ஆயிரத்தைப் பத்தாயிரமாக உயர்த்த முடிந்தாலும் மேற்கொண்டு 6 வினாடிதான் மிச்சமாகும். ஆகவே வேகத்துக்காக மட்டும் தொகுதியைப் பெரிதாக்கிக்கொண்டே போவதில் ஒரு கட்டத்துக்குப் பின் பொருளில்லை.

ஆகையால் உங்கள் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள் என்பேன்: நள்ளிரவில் ஏற்றம் பாதியில் நின்றால், எதிலிருந்து மீண்டும் தொடங்குவீர்கள்? மூவாயிரம் மூவாயிரமாக கமிட் செய்யும் நிரல் 7,41,000 பதிவுகளுக்குப் பின் நின்றுபோனால், எந்தக் கடையின் எந்தப் பில்வரை உள்ளே போயிற்று என்பதை யாராலும் உடனே சொல்ல முடியாது. கோப்பை மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் இரட்டிப்பாகும். நின்ற இடத்தைக் கணித்து ஓட்டினால் சில விடுபட்டுப்போகும். இங்கே உங்களுக்கு இயல்பாகவே ஓர் அலகு கிடைத்திருக்கிறது. ஒரு கடையின் ஒரு நாள் கோப்புதான் அந்த அலகு. தொகுதியின் எல்லையை எண்ணிக்கையால் வகுக்காமல் கோப்பால் வகுத்து, ஒரு கோப்பை ஒரே பரிவர்த்தனையில் முழுவதுமாக ஏற்றுங்கள். அது முழுதாக உள்ளே இருக்கும், அல்லது ஒரு வரிகூட இருக்காது.

அப்படிச் செய்ய இன்சர்ட்டைவிட, பதிவுகளை மொத்தமாக ஏற்றும் காப்பி கட்டளையே பொருத்தமானது. சைக்கோபிஜி 3 அதற்கு நேரடி வசதி தருகிறது. 65,535 என்ற எல்லையும் அதற்குப் பொருந்தாது. நேரே பில் அட்டவணையில் காப்பி செய்யாமல், எல்லாப் புலங்களையும் வெறும் உரையாக ஏற்கும் ஓர் இடைநிலை அட்டவணையில் முதலில் இறக்குங்கள். அந்த அட்டவணையை அன்லாக்டு வகையாக உருவாக்கினால் மேலே சொன்ன பதிவேட்டுக் கோப்பில் எழுதும் வேலை குறையும். சர்வர் எதிர்பாராமல் விழுந்தால் அது காலியாகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் மூலக் கோப்பு கையில் இருக்கும்போது அதனால் இழப்பில்லை. பிறகு அங்கிருந்து தேதியைத் தேதியாகவும் தொகையை எண்ணாகவும் மாற்றி, ஒரே இன்சர்ட் செலக்ட் கட்டளையால் பில் அட்டவணைக்கு நகர்த்துங்கள்.

அதே பரிவர்த்தனைக்குள்ளேயே ஏற்றப் பதிவேடு என்று ஒரு சிறு அட்டவணையில் கோப்பின் பெயர், கோப்பின் ஹேஷ் மதிப்பு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஓர் அடையாளம்), பதிவுகளின் எண்ணிக்கை, தொகையின் கூட்டுத்தொகை ஆகியவற்றையும் எழுதிவிட வேண்டும். ஹேஷ் மதிப்புக்கு, ஒன்றே இருமுறை வரக் கூடாது என்ற யூனிக் கட்டுப்பாடு இருக்கட்டும். அப்போது அதே கோப்பை யாரேனும் இரண்டாம் முறை ஓட்டினால் பதிவேட்டில் முட்டி முழுப் பரிவர்த்தனையும் பின்வாங்கிவிடும். பதிவேட்டைத் தனிப் பரிவர்த்தனையில் எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கமிட்டுகளுக்கும் இடையே மின்சாரம் போனால் பதிவேடு ஒன்று சொல்லும், அட்டவணை வேறொன்று சொல்லும்.

*நாங்கள் காஃப்கா என்ற செய்தித் தளத்திலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு, காஃப்கா கனெக்ட்டின் ஜேடிபிசி சிங்க் என்ற, தரவுத்தளத்தில் எழுதும் கனெக்டர் மூலமாகப் பதிவுகளைக் கொண்டுசெல்கிறோம். பேட்ச் சைஸ் 3,000 என்று இருக்கிறது. ஆனால் ஒரு தடவைக்கு 500 பதிவுகளுக்கு மேல் எழுதப்படுவதே இல்லை. தவிர, கனெக்டரை மறுதொடக்கம் செய்யும்போதெல்லாம் சில பதிவுகள் இரண்டு முறை சேர்ந்துவிடுகின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?*
— சென்னை வாசகர்

இரண்டும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. ஆனால் முதலாவதைத் தவறாகச் சரிசெய்தால் இரண்டாவது மோசமாகும்.

பேட்ச் சைஸ் 3,000 என்பது சிங்க் ஒரே தடவையில் எழுதக்கூடிய உச்ச அளவு. காஃப்காவிலிருந்து அதன் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதை முடிவு செய்வது கன்ஸ்யூமரின், அதாவது காஃப்காவிலிருந்து பதிவுகளைப் படிக்கும் பகுதியின், மேக்ஸ் போல் ரெக்கார்ட்ஸ் என்ற அமைப்பு. அதன் இயல்பு மதிப்பு 500. கைக்கு வந்ததை அந்தத் தடவையே எழுதி முடித்துவிடுவதால் 3,000 என்ற அளவை அது எட்டுவதே இல்லை. கனெக்டரின் அமைப்பில் கன்ஸ்யூமர் ஓவர்ரைடு என்ற முன்னொட்டோடு இந்த மதிப்பை உயர்த்தலாம்.

ஆனால் உயர்த்தும்போது மேக்ஸ் போல் இன்டர்வல் என்ற மற்றோர் அமைப்பையும் பார்க்க வேண்டும். அதன் இயல்பு மதிப்பு 3,00,000 மில்லிவினாடி, அதாவது 5 நிமிடம். அதற்குள் ஒரு தொகுதியை எழுதி முடித்து அடுத்ததைக் கேட்டு வராவிட்டால், இந்தக் கன்ஸ்யூமர் செயலற்றுவிட்டது என்று குழுவிலிருந்து நீக்கப்பட்டு, அதன் பங்கு வேறொருவருக்குப் போகும். அவர் அதே பதிவுகளை மறுபடி எழுதத் தொடங்குவார். தரவுத்தளம் மெதுவாக இருக்கும் நேரத்தில்தான் தொகுதி நேரம் தாண்டும். அந்த நேரத்திலேயே இரட்டை வேலையும் அதன் மேல் விழும்.

இனி, மறுதொடக்கத்தில் வரும் இரட்டைப் பதிவுகள். சிங்க் போஸ்ட்கிரெஸில் கமிட் செய்வதும், இதுவரை படித்தாயிற்று என்று காஃப்காவில் குறிப்பதும் இரண்டு தனித்தனிச் செயல்கள். கனெக்ட் அந்தக் குறிப்பை இயல்பாக 60 வினாடிக்கு ஒரு முறைதான் எழுதுகிறது. இடையில் நின்றுவிட்டால், தரவுத்தளத்தில் ஏற்கெனவே சேர்ந்த பதிவுகளே மறுபடி வரும். இது கோளாறு அன்று. ஒரு பதிவு குறைந்தது ஒரு முறையாவது சேரும் என்ற உறுதியின் மறுபக்கம். இதைத் தடுக்க முயல்வதைவிட, ஒரே பதிவு இரண்டு முறை வந்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்படி எழுதும் முறையை மாற்றுவதே சரியான வழி. இன்சர்ட் மோட் என்ற அமைப்பை அப்சர்ட் (பதிவு இல்லாவிட்டால் சேர், இருந்தால் திருத்து) என்று மாற்றி, பிகே மோட் மூலம் காஃப்கா பதிவின் கீயையே, வரியை அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியாக்குங்கள். போஸ்ட்கிரெஸ் 9.5 முதல் உள்ள ஆன் கான்ஃப்ளிக்ட் வசதியைத்தான் சிங்க் இதற்குப் பயன்படுத்துகிறது.

திருப்பூர் வாசகரைப் போல இடைநிலை அட்டவணையிலிருந்து தாமே அப்சர்ட் எழுதுபவர்கள் மூன்று இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். ஒரே தொகுதிக்குள் ஒரே சாவி இரண்டு முறை இருந்தால், ஒரே வரியை இரண்டாம் முறை தொட முடியாது என்று போஸ்ட்கிரெஸ் முழுக் கட்டளையையும் மறுத்துவிடும். எனவே சாவிக்கு ஒன்றாக, கடைசியாகத் திருத்தப்பட்டதை மட்டும் டிஸ்டிங்க்ட் ஆன் கொண்டு தேர்ந்தெடுத்த பிறகே எழுத வேண்டும். இரண்டாவதாக, நேற்றைய கோப்பை இன்று மறுபடி ஓட்ட நேர்ந்தால் அது இன்றைய திருத்தத்தை அழித்துவிடக்கூடும். வரும் பதிவின் திருத்த நேரம் இருக்கும் பதிவின் திருத்த நேரத்தைவிடப் பிந்தியதாக இருந்தால் மட்டுமே மாற்று என்ற நிபந்தனையை அப்சர்ட்டிலேயே எழுதிவிடுங்கள். மூன்றாவதாக, இரண்டு ஏற்றங்கள் ஒரே நேரத்தில் ஓடி, ஒன்று அ, ஆ என்ற வரிசையிலும் மற்றொன்று ஆ, அ என்ற வரிசையிலும் அதே வரிகளைப் பூட்டினால், ஒன்றுக்காக மற்றொன்று காத்து நிற்கும் டெட்லாக் ஏற்பட்டு இரண்டில் ஒன்று தூக்கியெறியப்படும். ஒவ்வொரு தொகுதியையும் சாவியின் வரிசைப்படி அடுக்கி எழுதினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

இதனோடு சேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தானாக ஏறும் வரிசை எண் உள்ள அட்டவணையில் அப்சர்ட் செய்தால், பழைய வரியைத் திருத்துவதோடு நின்றாலும் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை எண் செலவாகிவிடும். இன்டிஜர் வகையின் உச்சம் 2,14,74,83,647. நாளொன்றுக்கு 12 லட்சம் அப்சர்ட் என்றால் அது 1,789 நாட்களில், 5 ஆண்டு நிறைவதற்குள், தீர்ந்துபோகும். அட்டவணையில் சில லட்சம் வரிகளே இருக்கும்போதும் ஒரு காலையில் எழுத முடியாமல் நின்றுவிடும். பிக்இன்ட் வகையை முதலிலேயே வைத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

*ஏற்றத்துக்கு முன், தேடலை விரைவுபடுத்தும் இன்டெக்ஸ்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் பின்னர் மறுபடி உருவாக்க வேண்டும் என்கிறார்கள். அவசியமா?*
— கோவை வாசகர்

காலியான அட்டவணையை முதல் முறையாக நிரப்பும்போது அவசியம். ஏற்கெனவே கோடிக்கணக்கான வரிகள் உள்ள அட்டவணையில் நாள்தோறும் சில லட்சம் சேர்ப்பதற்கு வேண்டாம். சேர்ப்பதில் மிச்சமாகும் நேரத்தைவிட மறுபடி உருவாக்கும் நேரம் அதிகமாகும். அதுவரை மற்றவர்களின் தேடல்களும் தவிக்கும். முதல் நிரப்பலின்போது மெயின்டனன்ஸ் வொர்க் மெம் அமைப்பை அதன் இயல்பான 64 மெகாபைட்டிலிருந்து, சர்வரின் நினைவகத்துக்கு ஏற்ப, அந்த அமர்வுக்கு மட்டும் உயர்த்தினால் இன்டெக்ஸ் உருவாக்கம் விரைவுபடும். இரண்டு வகையிலும் ஏற்றம் முடிந்தவுடன், அட்டவணையின் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டத் தவறாதீர்கள். அட்டவணை இன்னும் காலி என்று எண்ணிக்கொண்டு கேள்வித் திட்டமிடுவான் தவறான வழியைத் தேர்ந்தெடுத்ததால், ஏற்றத்துக்குப் பின் வரும் அறிக்கைகள் மணிக்கணக்கில் நின்ற நிகழ்வுகள் உண்டு.

*ஒரு லட்சம் பதிவுகளில் ஒன்று தவறாக இருந்தாலும் காப்பி கட்டளை அனைத்தையும் மறுத்துவிடுகிறது. தவறானதை மட்டும் தள்ளிவிட்டு மற்றவற்றை ஏற்ற வழி உண்டா?*
— மதுரை வாசகர்

உண்டு, ஆனால் தள்ளிவிடுதல் என்ற சொல்லே எனக்கு அச்சம் தருகிறது. 2024 இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17 இல் ஆன் எரர் இக்னோர் என்ற விருப்பம் சேர்க்கப்பட்டது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருப்பது போன்ற, வகைமாற்றத்தில் வரும் பிழைகள் உள்ள வரிகளை அது கடந்துபோகும். யூனிக், நாட் நல் (காலியாக இருக்கக் கூடாது) போன்ற கட்டுப்பாடுகளை மீறும் வரிகளுக்கு அது உதவாது. அப்போது கட்டளை முழுவதும் நிற்கும். பழைய பதிப்புகளில், அல்லது அப்படி நின்ற ஒவ்வொரு முறையும், அதுவரை எழுதப்பட்ட வரிகள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வட்டில் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வேக்யூம் ஓடினால்தான் அந்த இடம் மீளும்.

நான் விரும்புவது முன்பு சொன்ன இடைநிலை அட்டவணை முறையையே. எல்லாப் புலங்களும் உரையாக இருப்பதால் காப்பியில் வகைமாற்றப் பிழை எழாது. பிறகு ஒவ்வொரு வரியையும் சோதித்து, தேறியவற்றை உரிய அட்டவணைக்கும், தேறாதவற்றைக் காரணம், கோப்பின் பெயர், வரி எண் ஆகியவற்றோடு ஒரு விலக்கு அட்டவணைக்கும் அனுப்புங்கள். விலக்கப்பட்டவை ஒரு குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால் கோப்பையே நிறுத்திவையுங்கள். நூற்றில் முப்பது வரிகள் தவறாக இருந்தால், பெரும்பாலும் கோப்பின் அமைப்பே மாறிவிட்டது என்று பொருள்.

எண்ணிக்கையைச் சரிபார்ப்பதோடு நிற்கவும் கூடாது. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், வந்த வரிகளும் ஏறிய வரிகளும் நாள்தோறும் ஒத்துப்போயின. மாத இறுதியில் மட்டும் தொகை குறைந்தது. ஒரு கிளையின் மென்பொருள் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகைகளைக் கமா இட்டு, 1,250 என்பதுபோல் அனுப்பியிருந்தது. எண்ணாக மாற்றிய நிரலோ கமாவோடு நின்று 1 என்று எழுதியிருந்தது. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு மாதத்தின் கணக்கைத் திருத்த மூன்று பேர் இரண்டு வாரம் உழைத்தோம். அதிலிருந்து, கோப்பின் கடைசி வரியில் பதிவுகளின் எண்ணிக்கையையும் தொகையின் கூட்டுத்தொகையையும் அனுப்புபவரே எழுதித் தர வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். ஏற்றிய பிறகு கூட்டுத்தொகை ஒரு பைசா மாறினாலும் கமிட் செய்வதில்லை.

*உறுப்பினர் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறோம். பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்து யூனிக் என்று வைத்தும், கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் பெயர்கள் இரண்டு முறை ஏறிவிடுகின்றன. சில பெயர்கள் நீளம் போதாமல் மறுக்கப்படுகின்றன. என்ன செய்வது?*
— யாழ்ப்பாணம் வாசகர்

தமிழில் தரவு வைத்திருக்கும் எவரும் ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்தே தீர வேண்டும். யூனிகோடில் ஒகர உயிர்மெய்யின் குறியை, எடுத்துக்காட்டாகக் ‘கொ’ என்பதில் உள்ளதை, ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தரவுத்தளத்துக்கோ அவை வெவ்வேறு. இதைத் தீர்க்க நார்மலைஸ் என்ற செயற்கூறு போஸ்ட்கிரெஸ் 13 முதல் இருக்கிறது. இடைநிலை அட்டவணையிலிருந்து நகர்த்தும்போதே எல்லாப் பெயர்களையும் அதன் வழியே, குறிகளைச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்தில் அனுப்புங்கள்.

ஆயினும் அது எல்லாவற்றையும் தீர்க்காது. ஔகாரத்தை முறையான குறியால் எழுதாமல், எகரக் கொம்பிட்டு அடுத்து ளகரத்தைத் தட்டும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. சௌந்தரம் என்ற பெயர் ‘செ’, ‘ள’ என்று தொடங்கி எழுதப்பட்டிருந்தால், யூனிகோடின் பார்வையில் அது வேறொரு சொல்தான். நார்மலைஸ் அதைத் தொடாது. ‘ஸ்ரீ’ என்ற எழுத்திலும் இதே இக்கட்டு. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள், 2005 இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். இவற்றுக்கு நீங்களே விதி எழுத வேண்டும். ளகரத்தை ஔகாரமாக மாற்றும் விதியைக் கண்மூடி ஓட்டிவிடாதீர்கள். ‘தெளிவு’, ‘வெள்ளை’ முதலிய சொற்களில் அந்த வரிசை சரியானதே. ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ வராத இடங்களை மட்டும் பட்டியலிட்டு, ஒருவர் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே மாற்றுங்கள். அப்போதும் மூலத்தில் வந்தவாறே பெயரைத் தனிப் புலத்தில் வைத்திருங்கள். ஒருவருடைய பெயரை அவர் எழுதிய வடிவில் திருப்பித் தர முடியாத நிலைக்கு நாம் போகக் கூடாது.

நீளத்தைப் பொறுத்தவரை, கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரை நாம் 8 எழுத்தாக எண்ணுவோம். யூனிகோடில் அது 15 குறிகள். யூடிஎஃப் 8 முறையில், குறிக்கு 3 பைட் வீதம், 45 பைட். போஸ்ட்கிரெஸின் வார்கேர் என்ற உரை வகை, நீள வரம்புக்குக் குறிகளை எண்ணுகிறது. ஆரக்கிளின் வார்கேர்2, வேறு அமைப்பு செய்யாதவரை பைட்டுகளை எண்ணுகிறது. ஆங்கிலப் பெயர்களைக் கருதி 40 என்று வைத்த புலத்தில் இந்தப் பெயர் ஆரக்கிளில் அடங்காது. போஸ்ட்கிரெஸில் நீள வரம்பில்லாத டெக்ஸ்ட் வகையை வைத்துவிடுங்கள். அதனால் வேகம் குறையாது.

கடைசியாக, பழைய டாம், டாப், திஸ்கி எழுத்துருக்களில் தட்டெழுதிய கோப்புகள் உங்களிடம் இருந்தால் அவற்றைத் தனியே பிரித்து, யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே பைப்லைனுக்குள் விடுங்கள். லத்தீன் எழுத்துமுறை என்று அறிவித்துக் காப்பி செய்தால் அவை ஒரு பிழையும் காட்டாமல் ஏறிவிடும். உறுப்பினர் பட்டியலை யாரேனும் அச்சிட்டுப் பார்க்கும்வரை ஒருவருக்கும் தெரியாது.